முட்டைக்கு விலை இங்கே. பாட்டுக்கு விலை எங்கே?



சென்ற ஆண்டு, இராசிபுரத்திற்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட ஊரொன்றில் ஒரு பள்ளியின் ஆண்டு விழாவில் பேசுமாறு யான் அழைக்கப்பெற்றிருந்தேன். பள்ளியின் பெயர் இங்கு வேண்டா. நம் மாவட்டங்களில் நூறு பள்ளிகளில் நடப்பதுதான் அங்கும் நடந்தது.

சிறப்பு விருந்தினரை வாயிலில் எதிர்கொள்ளப் பம்பைக் குழு ஒன்றை அமர்த்தியிருந்தனர். இருவர் பம்பை, ஒருவர் உடுக்கை, ஒருவர் கைச்சிலம்பு. விருந்தினர் வண்டியிலிருந்து இறங்கியதும் பம்பை முழங்கிற்று. வாயிலிலிருந்து மேடைப்படி வரை ஏறத்தாழ ஐம்பது அடித் தொலைவு. அந்த ஐம்பது அடிதான் அவர்களுக்கு அளிக்கப்பெற்ற அரங்கு! மேடைப்படியருகே வந்ததும், 'போதும், நிறுத்துங்கள்' என்று ஒருவர் கைகாட்டினார். நால்வரும் கருவிகளைத் தோளில் தொங்கவிட்டபடி வெளியேறினர்.

பின்னர் ஒலிபெருக்கி முழங்கிற்று: 'உலகின் மிக உயர்ந்த பரிசை வென்ற நம் தமிழனின் பாட்டு!' பளபளக்கும் உடையணிந்த நாற்பது குழந்தைகள் 'செய் கோ' என்னும் இந்திப் பாட்டிற்கு ஆடினர். பெற்றோர் கைதட்டினர், கைப்பேசியில் படம் பிடித்தனர். யானும் கைதட்டினேன். குழந்தைகள் மீது என்ன குற்றம்?

விழா முடிந்து வெளியே வந்தபோது, தேநீர்க் கடையருகே அந்தப் பம்பைக்காரப் பெரியவர் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் வணங்கிவிட்டுக் கேட்டார்:

"ஏனுங்கய்யா, உள்ள பாடுச்சே, அது நம்ம பாட்டுங்களா?"

"இசை அமைத்தவர் நம்மவர், பெரியவரே. பாட்டு இந்தி."

"அப்ப இசை நம்முளுது, சொல்லு அவுங்களுதுங்களா?" என்றவர், தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "எங்க பம்பைக்கு இசையும் உண்டு, சொல்லும் உண்டுங்கய்யா. கேக்கத்தான் ஆளில்லீங்க."

முப்பது ஆண்டுகளாகத் தமிழ் கற்பிக்கின்றேன். அந்தப் பெரியவரின் வினாவுக்கு என்னிடம் விடையில்லை. வீடு திரும்பிய பின்னும் அது என்னை விடவில்லை. அந்த வினாவை நம் இனத்தின் முன் வைக்கவே இதனை எழுதுகின்றேன்.

கணக்கைப் பார்ப்போம்

உலக மேடைகளில் தமிழர் பெற்ற இசைப் பெருமைகளை வரிசைப்படுத்திப் பார்ப்போம். கசப்பாக இருப்பினும் பார்ப்போம்.

1966-ஆம் ஆண்டு அகுத்தோபர்த் திங்களில் ஒன்றிய நாடுகள் அவையில் பாடினார் எம்.எசு. சுப்புலட்சுமி அம்மையார். மதுரையில் பிறந்த தமிழ்ப் பெண்மணி. உலக நாடுகளின் பேராளர்கள் கூடும் அவையில் ஒரு தமிழச்சியின் குரல் ஒலித்தது. பெருமைதான், ஐயமில்லை. ஆனால் உலக அமைதிக்கென்றே எழுதப்பெற்று அவ்வவையில் அவர் பாடிய இரு பாட்டுகளில் ஒன்று காஞ்சி மடத்தலைவர் எழுதிய வடமொழிப் பாட்டு; மற்றொன்று இராசாசி எழுதிய ஆங்கிலப் பாட்டு. 'யாதும் ஊரே' என்று கணியன் பூங்குன்றன் உரைத்த மொழிக்கு, உலக ஒற்றுமையைச் சொல்லத் தகுதி இல்லாமற் போயிற்றா? இராசாசி யார்? அன்றைய சேலம் மாவட்டத்துத் தொரப்பள்ளியில் பிறந்து, சேலத்தில் வழக்கறிஞராயிருந்து, 1917-இல் சேலம் நகராட்சித் தலைவரானவர். தமிழிசை இயக்கத்தை ஆதரித்தவரும் அவரே. 1938-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவரும் அவரே. நம் மண்ணில் விளைந்த இந்த இரட்டை மனத்தை நாம் மறத்தலாகாது. 1974-இல் அம்மையாருக்குப் பிலிப்பைன்சு நாட்டின் மகசேசே பரிசு கிடைத்தது. அப்பரிசைப் பெற்ற முதல் இசைவாணர் அவரே.

1992-இல் அமெரிக்காவின் கிராமிப் பரிசு, 'பிளானட் டிரம்' என்னும் இசைத்தொகுப்பிற்குக் கிடைத்தது. உலக நாடுகளின் தாளக் கருவிகள் ஒன்றிணைந்த அத்தொகுப்பில் குடம் முழக்கியவர் விக்கு விநாயகராம். மானாமதுரை மண்ணைக் குழைத்துச் செய்யும் மட்குடம் உலக அரங்கேறிற்று. ஆனால் எப்பெயரில் ஏறிற்று? 'குடம்' என்ற தன் பெயரை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுக் 'கடம்' என்ற பெயரில் உள்ளே சென்றது!

2009 பிப்பிரவரி 22. ஏ.ஆர். இரகுமான் ஒரே இரவில் இரண்டு ஆசுகர் பரிசுகளைப் பெற்றார். படத்தை எடுத்தவர் பிரித்தானியர்; கதை நிகழும் இடம் மும்பை; பாட்டின் மொழி இந்தி; எழுதியவர் குல்சார். மறு ஆண்டு அதே படத்திற்கும் அதே பாட்டிற்கும் இரண்டு கிராமிப் பரிசுகள். ஒன்றை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்: அந்த மேடையில் நின்று 'எல்லாப் புகழும் இறைவனுக்கே' என்று தமிழில் மொழிந்தார் இரகுமான். அன்றிரவு தமிழுக்குக் கிடைத்த இடம் அந்த மூன்று சொற்களே. அவையும் பாட்டில் இல்லை, நன்றியுரையில் இருந்தன.

2013-இல் பம்பாய் செயசிறீ எழுதிப் பாடிய தமிழ்த் தாலாட்டு ஒன்று 'லைஃப் ஆஃப் பை' படத்தின் வாயிலாக ஆசுகர் பரிந்துரைப் பட்டியல் வரை சென்றது. பரிசு கிடைக்கவில்லை. ஆயினும் இந்த வரிசையில் தமிழ்ச் சொல்லோடு சென்றது அந்தத் தாலாட்டு ஒன்றே! தாய் பாடும் தாலாட்டாகத்தான் தமிழ் அவ்வாயிலை எட்டிற்று என்பதில் ஓர் உண்மை உள்ளது. தாய்மொழி வேறெங்கு இருக்கும்?

2024-இல் 'சக்தி' குழுவின் தொகுப்பிற்குக் கிராமிப் பரிசு. அக்குழுவில் விக்கு விநாயகராமின் மகன் செல்வகணேசு கஞ்சிரா முழக்கினார். 2025-இல் சென்னையிற் பிறந்து அமெரிக்காவில் வாழும் சந்திரிகா தண்டன் அம்மையாருக்குக் கிராமிப் பரிசு. எதற்கு? வடமொழி மறை ஓதலுக்கு!

கூட்டிப் பாருங்கள். வடமொழிக்கு இடமுண்டு, ஆங்கிலத்திற்கு இடமுண்டு, இந்திக்கு இடமுண்டு, சொல்லில்லாத் தாளத்திற்கும் இடமுண்டு. தமிழன் கைக்குப் பரிசு வந்தது. தமிழ்ப் பாட்டின் கைக்கு வரவில்லை. ஆளை அழைத்தனர், அவன் மொழியை வாயிலில் நிறுத்தினர். அன்று பள்ளி வாயிலில் பம்பைக்கு நேர்ந்ததும் இதுதானே!

ஒரே மேடை, இரு தமிழர்

அதே 2009-ஆம் ஆண்டு. அதே படத்தில் இரகுமானோடு சேர்ந்து இன்னொரு பாட்டை ஆக்கி, ஆசுகர் பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றிருந்தார் மாயா அருள்பிரகாசம் என்னும் பெண்மணி. ஈழத் தமிழ்ப் பெற்றோர்க்கு இலண்டனில் பிறந்து, குழந்தைப் பருவத்தை யாழ்ப்பாணத்தில் கழித்துப் போரினால் பெயர்ந்தவர். அந்தப் பிப்பிரவரித் திங்களிலேயே கிராமி மேடையில் நிறைசூலியாக நின்று பாடினார்.

அந்தத் திங்களில் வன்னியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைத் தமிழர்க்கு யான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மருத்துவமனைகள் மீது குண்டுகள் வீழ்ந்தன. மூன்று திங்களில் முள்ளிவாய்க்கால் வந்தது. தமக்குக் கிடைத்த புகழ் வெளிச்சத்தைப் பயன்படுத்தி அமெரிக்கத் தொலைக்காட்சியில் தம் இனத்தின் அழிவைப் பேசினார் அந்தப் பெண். அவருடைய பாட்டைப் புகழ்ந்த உலகம், அவருடைய சொல்லைக் கேட்டதா? பாட்டுக்குக் காதுகொடுத்தவர்கள் அழுகைக்குக் காதுகொடுக்கவில்லை.

பரிசு தரும் மேடையின் இயல்பு இதுவே. அது நம் தாளத்தை விரும்பும்; நம் துயரத்தை விரும்பாது. நம் விரல்களை விரும்பும்; நம் நாவை விரும்பாது. இதனை அறிந்துகொண்டு அம்மேடையில் ஏறுவது வேறு. அறியாமல் அதன் காலடியில் விழுவது வேறு.

'இசைக்கு மொழியில்லை' என்னும் பொய்

இவ்வாறு சொன்னால் உடனே ஒரு விடை வரும்: 'இசைக்கு மொழி ஏது ஐயா? இசை உலகப் பொதுவன்றோ?'

இதைச் சொல்பவர் யார் என்று பாருங்கள். ஆங்கிலப் பாடகன் இதைச் சொல்வதில்லை. அவன் ஆங்கிலத்தில்தான் பாடுகிறான். இந்திப் பாடகன் சொல்வதில்லை. அவன் இந்தியில்தான் பாடுகிறான். தன் மொழியை விட்டுக்கொடுக்க வேண்டியவனிடம் மட்டுமே 'இசைக்கு மொழியில்லை' என்று சொல்லப்படுகிறது. இழப்பவனை ஆற்றுவதற்கென்று ஆக்கிய சொல் அது!

ஐரோப்பாவின் எசுப்பானிய நாட்டில் நடந்ததொன்றைச் சொல்கிறேன். ஐரோப்பிய நாடுகளுக்கிடையே ஆண்டுதோறும் யூரோவிசன் என்னும் பாட்டுப் போட்டி நடைபெறும். 1968-இல் எசுப்பானியாவின் சார்பில் பாடச் சுவான் மனுவேல் செராத் என்னும் இளைஞர் தேர்ந்தெடுக்கப்பெற்றார். அவருடைய தாய்மண் காத்தலோனியா, தாய்மொழி காத்தலான். அன்று எசுப்பானியாவை ஆண்டவன் பிராங்கோ என்னும் கொடுங்கோலன். பள்ளியிலும் அலுவலகத்திலும் காத்தலான் மொழிக்கு இடமில்லாமற் செய்த ஆட்சி அது. 'யான் என் தாய்மொழியில்தான் பாடுவேன்' என்றார் செராத். 'முடியாது' என்றது அரசுத் தொலைக்காட்சி. அவரை நீக்கிவிட்டு, மசியேல் என்னும் பாடகியை எசுப்பானிய மொழியில் பாட அனுப்பினர். அவர் பாடினார்; முதற்பரிசும் பெற்றார். அப்பாட்டின் பெயர் என்ன தெரியுமா? 'லா, லா, லா'! பொருளே இல்லாத ஓரசையைத் திரும்பத் திரும்பப் பாடும் பாட்டு. அதையும் காத்தலானில் பாடவிட அஞ்சினர் என்றால், இசைக்கு மொழியில்லை என்பது பொய்யன்றி வேறென்ன?

பரிசை இழந்த செராத் அழிந்துபோனாரா? இல்லை. காத்தலானிலும் எசுப்பானியத்திலும் பாடிக்கொண்டே இருந்தார். 2014-இல் இலத்தீன் இசைக் கழகம் அவரையே அவ்வாண்டின் பெருமகனாகத் தேர்ந்து போற்றியது. மேடையைத் துறந்தவனைத் தேடி, நாற்பத்தாறு ஆண்டுகள் கழித்து மேடை வந்தது!

செராத்தை நீக்கிய அதே 1968-இன் சனவரித் திங்களில்தான் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் நம் பள்ளிகளிலிருந்து இந்தியை அகற்றித் தீர்மானம் இயற்றியது. இதற்காக 1965-இல் உயிர் ஈந்தோர் எத்தனை பேர்! பள்ளி வாயிலில் நாம் தடுத்து நிறுத்திய மொழி, பள்ளி மேடையில் பரிசுப் பாட்டாக வந்து ஆடுகிறது. கதவை அடைத்தோம், பலகணி வழியே நாமே அழைத்துக்கொண்டோம்.

எசுப்பானிய மொழியினர் செய்த இன்னொன்றையும் பாருங்கள். கிராமிப் பரிசு 1959-இல் தொடங்கிற்று. ஆங்கிலமே அதன் நடுவீடு. எசுப்பானியம் பேசும் இசைவாணர்க்குத் திண்ணையில் ஒரு மூலை கிடைத்தது. அவர்கள் திண்ணையிலேயே கிடக்கவில்லை. 1997-இல் இலத்தீன் இசைக் கழகம் உருவாயிற்று. 2000-ஆம் ஆண்டு முதல் எசுப்பானியத்திலும் போர்த்துகீசியத்திலும் அமைந்த இசைக்கென்றே தனிப்பரிசுகள் வழங்கப்பெறுகின்றன. பாடகன் எந்நாட்டவன் என்பதன்று அங்கு முதல் வினா. பாட்டு எம்மொழி என்பதே. 2019-இல் காத்தலோனியாவில் பிறந்த உரோசலியா என்னும் இளம்பெண், தென் எசுப்பானிய ஏழை மக்களின் பிளமேங்கோ இசையைப் புதுமுறையில் பாடி, அவ்வாண்டின் சிறந்த தொகுப்பிற்கான பரிசைப் பெற்றார். 2023-இல் அவ்விழாவே அமெரிக்காவை விட்டு எசுப்பானியாவின் செவில்லா நகருக்கு வந்தது. பிளமேங்கோ பிறந்த மண்ணைத் தேடிப் பரிசு நடந்து வந்தது!

தொலைவில் போவானேன்? 2023 மார்ச்சுத் திங்களில் நம் அண்டை வீட்டாராகிய தெலுங்கர், 'நாட்டு நாட்டு' என்னும் தெலுங்குப் பாட்டிற்கு ஆசுகர் பரிசு பெற்றனர். கீரவாணி இசை, சந்திரபோசு சொல். அம்மேடையில் தெலுங்கிலேயே பாடி ஆடினர். தெலுங்கரை வாயார வாழ்த்துவோம். அவர்கள் தம் மொழியைத் தோளில் சுமந்து சென்றனர். நாம் நம் மொழியை வீட்டில் விட்டுவிட்டுச் சென்றோம்.

குற்றம் யார் மீது?

இங்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இரகுமானைக் குறை கூற இதனை எழுதவில்லை. 1992-இல் 'ரோசா' என்னும் தமிழ்ப் படத்தில் தொடங்கி, அவர் தமிழுக்குச் செய்த இசை கொஞ்சமன்று. கிராமிப் பரிசுகள் கிடைத்த அதே 2010-இல்தான் கோவைச் செம்மொழி மாநாட்டிற்கு, நம் முன்னோர் மொழிகளைத் தொடுத்த பாட்டிற்கு இசையமைத்தார். இவ்விரு பாட்டுகளில் எதற்கு நம் பள்ளிக் குழந்தைகள் ஆடுகின்றனர்? தேர்ந்தவர் இரகுமானா? நாமா?

இளையராசா 2005-இல் திருவாசகத்தைப் புதாபெசுட்டு இசைக்குழுவினரைக் கொண்டு அரங்கேற்றினார். எந்தப் பரிசு மேடையும் அதனை அழைக்கவில்லை. அதற்காக நாம் வருந்தினோமா? குறைந்தது அந்த இசைத்தட்டை விலை கொடுத்து வாங்கினோமா? 2025 மார்ச்சு 8-இல் இலண்டனில் அவருடைய பல்லியப் பேரிசை அரங்கேறியபோது ஊரெல்லாம் கொண்டாடினோம். அவ்வாக்கத்தின் பெயரோ ஆங்கிலம். திருவாசகத்திற்கு வாய் திறக்காதவர்கள் இலண்டன் என்றதும் வாய் பிளந்தோம்.

ஆகவே குற்றம் கலைஞன் மீதன்று. கேட்பவன் மீது. பண்டை இலக்கியத்தில் இதற்குச் சான்று, நம் கொல்லிமலையிலேயே உள்ளது.

கொல்லியை ஆண்ட வல்வில் ஓரியைப் பாடிய வன்பரணரின் இரு பாடல்கள் புறநானூற்றில் 152, 153-ஆம் எண்களில் உள்ளன. முதற் பாடலில், காட்டில் வேட்டையாடி நின்றவன் ஓரி என்றறியாமலே பாணர் கூட்டம் அவன்முன் இசை நிகழ்த்துகின்றது. மண்முழா, யாழ், தூம்பு, எல்லரி, ஆகுளி, பதலை என்று எத்தனை கருவிகள்! தன் பெயரைப் பாட்டிற் கேட்டதும் அவன் நாணி நின்றான். காட்டு வழியிலேயே ஊனும் பொன்னும் மணியும் வாரி வழங்கினான். தன் மொழியில் தன் மண்ணின் பாட்டைக் கேட்டு, அந்த இடத்திலேயே அளித்த பரிசு அது. எவனுடைய ஒப்புதலுக்கும் அவன் காத்திருக்கவில்லை.

அடுத்த பாடலில்தான் நமக்குரிய எச்சரிக்கை. பொற்குவளையும் அணிகலனும் யானையும் பெற்ற அந்தக் கூட்டத்தார், பசி நீங்கியதாலோ என்னவோ, பல்லியம் முழங்கவும் ஆட மாட்டாராய்த் தம் பாடலையும் மறந்தனர் என்கிறார் புலவர். அங்கு அது கொடையின் மிகுதிக்குப் புகழ்ச்சி. இங்கு இன்று அது நமக்கு வசை. ஓரி கொடுத்து மறந்தவர்கள் அவர்கள். எவனோ கொடுக்கப் பார்த்தே மறந்தவர்கள் நாம்! பரிசு பெற்றவர் ஒருவர்; பாட்டை மறந்தவர் எட்டுக் கோடிப் பேர்.

ஆண்டுதோறும் ஆடி 17, 18 நாள்களில் கொல்லிமலையில் வல்வில் ஓரிக்கு அரசு விழா எடுக்கிறது. செம்மேட்டிலுள்ள குதிரை மீதமர்ந்த சிலைக்கு மாலையிடுகின்றனர். நன்று. சிலைக்கு மாலையிட்ட கைகளே, மலையடிவாரத்து ஊர்களில் பம்பையடிப்பவனை மேடைப்படியில் தடுத்து நிறுத்துகின்றன. ஓரி இன்று உயிரோடிருந்தால், எந்தக் கையைப் பற்றுவான்?

இன்னும் ஆழமான குற்றம் ஒன்றுண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் யான் தமிழாசிரியன் அல்லேன். பம்பையும் பறையும் உறுமியும் தாரையும் ஏன் படி ஏறவில்லை? அவற்றை முழக்குவோர் எச்சாதியினர் என்பதாலன்றோ? சாவு வீட்டிற்கு அவன் வேண்டும். மாரியம்மன் விழாவிற்கு அவன் வேண்டும். சேலம் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவில் அம்மனை எழுப்ப அவன் வேண்டும். ஆனால் மேடைக்கு அவன் வேண்டா. வெள்ளைக்காரன் நம் மொழியைப் புறக்கணித்தான் என்று பொங்குகிறோமே, நம் இசையை நாமே ஊர்ப்புறத்தே நிறுத்தி வைத்தோமே, அதற்குப் பொங்குபவர் யார்? 2025-இல் அலங்காநல்லூர்ப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு நடுவணரசு தாமரைத்திரு விருது அளித்தது. அதற்கு முன்பே, அந்தப் பறையைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியிருக்க வேண்டியவர்கள் நாமல்லவா?

நம் திருச்செங்கோட்டுப் பக்கத்து எழுத்தாளர் பெருமாள்முருகன் இயற்றிய தமிழ் இசைப்பாட்டுகளை, 2016-இல் மகசேசே பரிசு பெற்ற டி.எம். கிருட்டிணா சென்னை அரங்குகளில் பாடுகிறார். நம் மண்ணின் சொல் அங்கு ஏறிவிட்டது. நம் மண்ணின் கருவி நம் ஊர் மேடையில் எப்போது ஏறும்?

எடைக்கல் யார் கையில்?

முட்டைக்கு என்ன விலை? நாமக்கல்லில் விலை அறிவிக்கப்பெறுகிறது. நாமக்கல் மண்டலக் கொள்முதல் விலை என்று நாளிதழில் வருகிறது. சென்னை வணிகனும் கேரள வணிகனும் அதைக் கேட்டுத்தான் கடையைத் திறக்கிறான். 'அமெரிக்கன் என்ன சொல்கிறானோ, அதன்பின் விலை சொல்வோம்' என்று நம் பண்ணைக்காரன் காத்திருப்பதில்லை. முட்டைக்கு விலை சொல்லத் தெரிந்த மண்ணுக்குப் பாட்டுக்கு விலை சொல்லத் தெரியாதா?

திருச்செங்கோட்டு ஆழ்துளைப் பொறி வண்டிகள் இந்தியா முழுவதும் சென்று, வறண்ட நிலத்தில் நீர் காண்கின்றன. நம் காலடியில் இருக்கும் இசை ஊற்றைத் தோண்டுவதற்கு ஒரு பொறியும் இல்லையா?

ஈரோட்டை அடுத்த அறச்சலூர் மலைக்குகையில் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகட்கும் முற்பட்ட கல்வெட்டொன்று உள்ளது. ஆடலுக்குரிய தாள எழுத்துகள் கட்டங்கட்டமாகப் பொறிக்கப்பெற்றுள்ளன. அதைப் பொறித்தவன் தன் பெயரையும் தந்திருக்கிறான்: மணி வண்ணக்கன் தேவன் சாத்தன். வண்ணக்கன் என்றால் யார்? மணியின் மாற்றுக் காண்பவன். மணியை உரசி, 'இது நன்மணி, இது போலி' என்று விலை சொல்லும் தொழிலோன். மணிக்கு மாற்றுக் கண்டவனே பாட்டிற்கும் வரைவு கண்டான்! எடைக்கல்லும் இசையும் அன்று ஒரே தமிழன் கையில் இருந்தன. அந்த எடைக்கல்லைத்தான் நாம் தொலைத்துவிட்டோம். பாட்டைத் தொலைக்கவில்லை, பாட்டை மதிக்கும் கல்லைத் தொலைத்தோம்.

அதைத் தேடியவர் இல்லாமலில்லை. 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' எழுதிப் பண்டைத் தமிழிசையின் கணக்கை உலகிற்குக் காட்டினார் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர். 1947-இல் யாழ் நூல் தந்தார் ஈழத்து விபுலானந்த அடிகள். 1941-இல் அண்ணாமலை நகரில் கூடிய தமிழிசை மாநாடு, 'தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப்பாட்டு' என்று கேட்டதற்கே எத்தனை எதிர்ப்பு! 1943-இல் அண்ணாமலையார் முயற்சியால் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றிற்று. 'சங்கீத கலாநிதி' என்ற பட்டத்திற்கு ஈடாக 'இசைப்பேரறிஞர்' என்ற தமிழ்ப் பட்டத்தை அச்சங்கம் வழங்குகிறது. வழி தெரிந்த வழிதான். நடப்பவர்தாம் குறைவு.

செய்ய வேண்டுவன

வெறும் பேச்சால் பயனில்லை. ஆகவே, என் சிற்றறிவிற்கு எட்டியவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று: தமிழாசிரியர்களே! வரும் ஆண்டு விழாவில் உங்கள் பள்ளி மேடையில் குறைந்தது இரண்டு நிகழ்ச்சிகள் உங்கள் ஊர்க் கலைஞர்க்கு உரியனவாகட்டும். வாயில் வரவேற்பிற்கன்று, மேடைக்கு. அவர்கள் பெயரை அழைப்பிதழில் அச்சிடுங்கள். 'பம்பைக் குழு' என்று போடாதீர்கள். ஆள் பெயரைப் போடுங்கள்.

இரண்டு: இல்லத் திருமணங்களில் இந்திப் பாட்டிற்கு ஆடும் புதுப்பழக்கத்தை விடுங்கள். அந்தப் பணத்தை நாகசுரத்திற்கும் தவிலுக்கும் உறுமிக்கும் கொடுங்கள். இழவுக்கு அழைக்கும் பறையை மங்கலத்திற்கும் அழையுங்கள். அதைவிடப் பெரிய சாதி ஒழிப்பு மாநாடு வேறில்லை.

மூன்று: மாணவர்க்குத் தேவாரப் பண்களைப் பெயர் சொல்லிக் கற்பியுங்கள். ஆங்கிலப் பாடகன் பெயர் பத்துச் சொல்லும் மாணவன், பண் பெயர் மூன்று சொல்லட்டும்.

நான்கு: உலகெங்கும் பரவிய தமிழரே! எசுப்பானிய மொழியினர் செய்ததை நாம் ஏன் செய்யலாகாது? தமிழில் அமைந்த பாட்டிற்கென்று, எந்நாட்டவன் பாடினும் அளிக்கத்தக்க ஓர் உலகப் பரிசை நிறுவுங்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஈழத்திலும் கனடாவிலும் தமிழ்ப் பாட்டு ஒலிக்கிறது. அதற்கு நடுவர் நாமே ஆகவேண்டும். பரிசுத் தொகை சிறிதாயினும் ஆகுக. ஓரியும் காட்டு வழியில்தான் கொடுத்தான்.

உலகப் பரிசுகளை வேண்டா என்று யான் சொல்லவில்லை. வரட்டும். தமிழன் கைக்கு வரும்போது தமிழ்ப் பாட்டின் கைக்கும் வரட்டும். வராவிட்டால், செராத்தைப் போல் நிமிர்ந்து நின்று, 'என் மொழியில் கேட்க விரும்பினால் அழையுங்கள். இல்லையேல் வேண்டா' என்று சொல்லும் ஒரு தமிழ்ப் பாடகனேனும் எழட்டும். அவன் எழ வேண்டுமானால், அவன் பின்னால் அவனைக் கேட்கும் ஓர் இனம் இருக்க வேண்டும். அந்த இனம் நாமாக வேண்டும்.

ஒரு செய்தியோடு முடிக்கிறேன். அந்தப் பம்பைப் பெரியவரை வரும் ஆடியில் யான் பணியாற்றும் பள்ளிக்கு அழைத்திருக்கிறேன். வாயிலுக்கு அன்று, மேடைக்கு. தம் பம்பைக்கு உரிய சொல்லையும் அவர் மாணவர்க்குச் சொல்லித் தருவார். 'கேக்கத்தான் ஆளில்லீங்க' என்றாரே, முந்நூறு மாணவர் கேட்கப் போகின்றனர். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

உங்களால் என்ன முடியும், தமிழரே?